கிராங்க் முனையில் ஒரு வேலை: 5.3 லிட்டர் வி8-க்கு வீட்டிலேயே ஹார்மோனிக் பேலன்சர் மாற்றிய கதை

வண்டி 2003 செவர்லே சில்வராடோ 1500. எஞ்சின் 5.3 லிட்டர் வி8, ஜிஎம் (செவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ்) குறியீட்டில் எல்எம்7. கியர் ஆட்டோமேட்டிக். வேலை நடந்தது ஹூஸ்டன் புறநகரில் ஒரு வீட்டுக் கராஜில். வண்டிக்காரர் என்னைவிட இளையவர், நம்ம ஊர்ப் பையன். பழைய பிக்கப் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே தேற்றி ஓட்ட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்.

புகார் இரண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிடும், ஏசி போட்டால் இன்னும் கூடும். வண்டி சூடான பிறகு ஐடிலில் முன்பக்கத்திலிருந்து மந்தமாக ஒரு டக் டக் சத்தம். முதலில் பார்த்த பட்டறையில் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றிவிட்டார்கள். கீச்சல் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வந்தது. இரண்டாவது பட்டறையில் டக் டக்கைக் கேட்டுவிட்டு, கீழே கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் வண்டி கராஜுக்கு வந்தது.

பேரிங் என்று முடிவுகட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் மலிவானவை. இரண்டு பெல்ட்டையும் கழற்றிவிட்டு அரை நிமிடத்துக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்த்து நிறுத்தினோம். பெல்ட் இல்லாதபோது வாட்டர் பம்ப் சுற்றாது, அதனால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், ஐட்லர் எதன் மேலும் பழி போட வழியில்லை. பிஸ்டன்கள் சுற்றும் எஞ்சின் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட்; அதன் முன்முனையில் நின்று பெல்ட்டைச் சுற்றும் சக்கரம்தான் ஹார்மோனிக் பேலன்சர். நடுவில் ஹப், சுற்றி ரப்பர், வெளியே கனமான வளையம். பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தபோது பேலன்சரின் வெளிவளையம் நேராகச் சுற்றாமல் முன்னும் பின்னுமாக ஆடியது. நடுவிலிருந்த ஹப் ஆடவில்லை. பெல்ட் ஓரம் பிசிறு பிசிறாகக் கிளம்பியிருந்ததற்கும், முன் கவரில் கறுப்பாக ரப்பர் தூள் படிந்திருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

உறுதிப்படுத்த ஒரு வேலை செய்தோம். ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிவளையம் வரை வெள்ளை பெயிண்டால் நேர்கோடு ஒன்று இழுத்தோம். ஒரு வாரம் வண்டி வழக்கம்போல ஓடியது. திரும்பிப் பார்த்தபோது ஹப்பில் இருந்த கோடு ஓரிடத்திலும், வளையத்தில் இருந்த கோடு ஒரு விரல் அகலம் தள்ளியும் நின்றன. ரப்பர் பிடிப்பை விட்டுவிட்டது. வளையம் ஹப்பின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. வேறு எஞ்சினாக இருந்தால் தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் குறி நகர்ந்து காட்டிக்கொடுத்திருக்கும். இந்த எஞ்சினில் கிராங்க் சென்சார் பின்பக்கம் இருக்கிறது, பேலன்சரைப் பார்த்து டைமிங் வைக்கிற பழக்கமே கிடையாது. அதனால் வளையம் எவ்வளவு நகர்ந்தாலும் செக் எஞ்சின் விளக்கு எரியாது, கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது.

இந்த வளையம் என்னதான் செய்கிறது

கிராங்க் ஷாஃப்ட் பார்க்கத்தான் அசையாத இரும்பு. உள்ளே ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி மிகச் சிறிய அளவில் முறுக்கி விடுபடுகிறது. வி8-ல் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 200 முறுக்கு. பின்முனையில் ஃப்ளெக்ஸ் பிளேட்டும் (ஸ்டார்ட்டர் சுற்றும் பல் தகடு) டார்க் கன்வெர்ட்டரும் (கியர்பாக்ஸுக்கு எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் பாகம்) பெரிய எடையாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கம் அவ்வளவாக அசையாது. முன்முனைதான் அதிகம் துள்ளும். இந்தத் துள்ளலின் வேகம் கிராங்க்கின் இயல்பான அதிர்வு வேகத்தோடு ஒத்துப்போகும் சுற்றுகளில் முறுக்கு மேல் முறுக்கு ஏறி, கடைசியில் இரும்பே சோர்ந்து விரிசல் விடும். நீளமான கிராங்க் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் வந்த ஆரம்ப காலத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1910 வாக்கிலேயே இதற்கு ஒரு டாம்பர், அதாவது அதிர்வைத் தணிக்கும் கருவி, செய்தார். இன்று நம் எஞ்சினில் இருப்பது அந்த யோசனையின் ரப்பர் வாரிசு: ஹப், அதைச் சுற்றி ரப்பர், அதைச் சுற்றிக் கனமான இரும்பு வளையம். கிராங்க் முனை முன்னே துள்ளும்போது வளையம் பின்தங்கி இழுக்கிறது, பின்னே துள்ளும்போது தள்ளுகிறது. அந்த ஆற்றல் ரப்பரில் சூடாகக் கரைந்துபோகிறது.

ஆகவே ரப்பர் செத்த பேலன்சரோடு ஓட்டுவது பெல்ட் சத்தத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. ஆனால் இருபது வருடம் வெயிலிலும் எண்ணெயிலும் கிடந்த ரப்பர் போவதில் அதிசயமும் இல்லை, தயாரித்தவரைக் குறை சொல்லவும் இடமில்லை.

கருவிகள்: பிடிக்க, இழுக்க, அழுத்த

இதை முரட்டு பலத்துக்கான வேலை என்று நினைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பலம் வேண்டும்தான். ஆனால் அந்த பலம் எந்த வழியாக எங்கே போய் முட்டுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மூன்று இடங்களில் அது தவறான வழியில் போகலாம், மூன்றுக்கும் தனித்தனிக் கருவி உண்டு.

முதலாவது, கிராங்க் சுற்றாமல் பிடிப்பது. மேனுவல் கியர் வண்டியில் டாப் கியரைப் போட்டு பிரேக்கை மிதித்தால் ஓரளவு நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது வெறும் எண்ணெய். பார்க்கில் போட்டாலும் கிராங்க் தாராளமாகச் சுற்றும். ஆகவே ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த இடத்தில் ஃப்ளைவீல் லாக்கைப் பூட்ட வேண்டும். அதன் பற்கள் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் ரிங் கியர் பற்களோடு முழுதாகக் கவ்வ வேண்டும். கியர் பல்லில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகுவது, பேலன்சரையே செயினால் கட்டுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். செயின் கட்டினால் விசை முழுவதும் ரப்பர் வழியாகத்தான் போகும். பழையதைக் கழற்றும்போது போனால் போகிறது என்று விடலாம், புதியதை முடுக்கும்போது அப்படிச் செய்தால் வாங்கிய அன்றே ரப்பரைக் கிழித்தாயிற்று.

இரண்டாவது, இழுப்பது. இந்த எஞ்சின் குடும்பத்து பேலன்சரின் முகத்தில் புல்லர் போல்ட் போட மரைத் துளை கிடையாது. ஹப்பின் ஆரக்கால்களுக்கு நடுவே இருக்கும் ஜன்னல் வழியாக உள்ளே போய், ஹப்பையே பின்னாலிருந்து பிடிக்கும் மூன்று கொக்கிப் புல்லர் வேண்டும். ஸ்மால் பிளாக் என்னும் பழைய செவர்லே வி8-ல் கதை வேறு. அங்கே முகத்திலேயே 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை கொண்ட மூன்று துளைகள் உண்டு. அதில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர் சரியாக இருக்கும். அந்த எஞ்சினுக்குக் கொக்கிப் புல்லரை எடுத்துப்போய் வெளிவளையத்தில் மாட்டி இழுத்தால் ஹப் கிராங்க்கிலேயே நிற்க, வளையம் மட்டும் கையோடு வரும். இன்னொரு வேறுபாடும் உண்டு: அந்தக் குடும்பத்தில் 400 கன அங்குல எஞ்சினுக்கு பேலன்சரிலேயே எதிர் எடை வைத்திருக்கிறார்கள். 350 கன அங்குல எஞ்சினுக்கான பேலன்சரை அதில் மாட்டினால் எஞ்சின் குதிக்கும். நம் 5.3-ல் அந்தக் கவலை இல்லை, கிராங்க் தன்னளவிலேயே சமன் செய்யப்பட்டது.

புல்லரோடு வருகிற நீளத் தண்டுதான் ரொம்ப முக்கியம். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். கிராங்க் முனையில் போல்ட்டுக்கான எம்16 (16 மி.மீ. தடிமன்), 2 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) மரை இருக்கிறது. புல்லரின் திருகு நேராக அந்தத் துளையின் வாயில் முட்டினால் முதல் மரைகள் நசுங்கிப்போகும். தண்டு துளைக்குள் இறங்கி, மரையைத் தாண்டி, அடிப்பகுதியில் முட்ட வேண்டும். திருகு அந்தத் தண்டின் தலையை அழுத்த வேண்டும்.

மூன்றாவது, அழுத்தி ஏற்றுவது: மரைத் தண்டு, பெரிய நட், கனமான வாஷர், நடுவே நட் அழுத்தத்திலும் உராயாமல் சுற்ற ஒரு த்ரஸ்ட் பேரிங். இதற்குப் பதிலாக ஹார்டுவேர் கடை மரைத் தண்டும் நட்டும் போதும் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பேரிங் இல்லாத நட் பாதி வழியில் வாஷரோடு பிடித்துக்கொண்டு தண்டையும் சேர்த்துச் சுற்றும்; பிறகு கிராங்க் மரைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இவற்றைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆட்டோசோன், ஓ'ரைலி மாதிரி உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டினால் கருவியை இரவல் தருகிறார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதாக வந்துவிடும். எடுக்கும்போது பெட்டியைக் கடையிலேயே திறந்து, எம்16 தண்டு இருக்கிறதா, அதன் மரை நைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்னால் எடுத்துப்போனவர் அதை என்ன பாடு படுத்தினாரோ.

பேலன்சர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஒரே எஞ்சின் குடும்பம் என்றாலும் கார்வெட், கமாரோ, பிக்கப் மூன்றுக்கும் புல்லி நிற்கும் தூரம் வேறு. கார்வெட்டை விட பிக்கப்பில் சுமார் ஒன்றரை அங்குலம் முன்னால் நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றி வாங்கினால் எந்த பெல்ட்டும் நேராக ஓடாது. கூடவே புது போல்ட், முன் கவரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது ஆயில் சீல். இரண்டிலும் மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. ஏன் என்பது கீழே வரும்.

கழற்றியது

பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்தோம். ஸ்டார்ட்டர் கம்பியில் எப்போதும் கரண்ட் இருக்கும் என்பதால் இதில் சமரசம் இல்லை. முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்று. ஆயிலை வடிக்கவில்லை, சீல் இருக்கும் உயரம் ஆயில் மட்டத்துக்கு மேலே.

இந்த வண்டியில் ஃபேன் எஞ்சினோடு சுற்றும் பழைய ரகம். ஃபேன் கிளட்சின் 36 மி.மீ. நட் வாட்டர் பம்ப் மூக்கில் இறுகியிருக்கும். புல்லியைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் வாலில் சுத்தியலால் ஒரு அடி, இறங்கிவிட்டது. மொத்த வேலையிலும் சுத்தியல் கைக்கு வந்தது அந்த ஒரு இடத்தில்தான். ஃபேனும் அதைச் சுற்றிய ஷ்ரவுட் என்ற கூடும் வெளியே வந்ததும் ரேடியேட்டரைத் தொடாமலே புல்லருக்கு இடம் கிடைத்தது. பெல்ட் இரண்டு: முன்னால் பெரியது, பின்னால் ஏசிக்கு மட்டும் ஒன்று.

ஸ்டார்ட்டரை இறக்கி லாக்கைப் பூட்டிய பிறகு 24 மி.மீ. சாக்கெட், முக்கால் அங்குல பார், அதன் மேல் ஒரு குழாய். போல்ட் சத்தமாக ஒரு முறை முனகிவிட்டு இளகியது. லாக் இல்லாமல் இம்பாக்ட் கன்னிலும் இதைக் கழற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் திரும்ப முடுக்கும்போது எப்படியும் லாக் வேண்டும். அதனால் முதலிலேயே மாட்டிவிடுவது நல்லது.

புல்லரின் திருகுக்கு கிரீஸ் தடவி, மூன்று கொக்கியும் ஒரே ஆழத்தில் ஹப்பைப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக முடுக்கினோம். முதல் சில மில்லிமீட்டர்தான் கஷ்டம், பிறகு சீராக வந்தது. கையில் எடுத்ததும் வெளிவளையத்தைக் கட்டை விரலால் தள்ளினாலே நகர்ந்தது. ரப்பரின் பின்பக்கம் வீங்கி, கொழகொழவென்று, நகத்தால் சுரண்டினால் துண்டாக வந்தது. முன்பக்கத்து ரப்பர் வெறுமனே காய்ந்து வெடித்திருந்தது. காரணம் அந்த வித்தியாசத்திலேயே இருந்தது: ஆயில் சீல் வெகுநாளாகக் கசிந்து, ஹப்பின் பின்புறம் வழியாக எண்ணெய் தெறித்து ரப்பரை ஊறவைத்திருக்கிறது. ரப்பர் தளர்ந்து வளையம் ஆடத் தொடங்கியதும் சீலின் உதடு இன்னும் தேய்ந்திருக்கும், கசிவு இன்னும் கூடியிருக்கும். பெல்ட்டை மட்டும் மாற்றிய பட்டறை கவரில் இருந்த எண்ணெய்த் தடத்தைத் துடைத்துவிட்டு அனுப்பியிருக்கிறது.

சீலை எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. முன் கவர் அலுமினியம், கிராங்க் முனை வழவழப்பாக இருக்க வேண்டிய இரும்பு. ஸ்க்ரூ டிரைவர் இரண்டில் எதைக் கீறினாலும் புது சீலும் கசியும். புதியதை உள்ளே தள்ள அதே மரைத் தண்டில் தட்டையான தகடு ஒன்றை வைத்து மெல்ல இழுத்தோம், கோணாமல் போய் உட்கார்ந்தது. வெளி விளிம்புக்குக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் போடலாம். ஹப்பில் உராயும் உதட்டுக்கு இந்த எஞ்சினில் எதுவும் தடவக் கூடாது. பழைய பழக்கத்தில் எல்லா சீல் உதட்டுக்கும் கிரீஸ் வைக்கிறவர்கள் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏற்றியது

புது பேலன்சரை முனையில் வைத்தால் சில மில்லிமீட்டர்தான் ஏறும், பிறகு நிற்கும். ஹப்பின் துளை கிராங்க் முனையைவிட மயிரிழை சிறியது. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. இந்த எஞ்சினில் பேலன்சருக்கு சாவி (ஹப் வழுக்காமல் இருக்க முனையில் செருகும் உலோகத் துண்டு) கிடையாது.

"அண்ணே, மரக்கட்டைய வச்சு ரெண்டு தட்டு தட்டுனா ஏறிடுமே?"

"ஏறும்டா. ஆனா அந்த அடி எங்க போய் விழும்னு யோசிச்சியா?"

அடி நேராக கிராங்க் வழியாகப் பின்னால் போகும். கிராங்க் முன்பின் நகர இந்த எஞ்சினில் அனுமதி 0.04 முதல் 0.2 மி.மீ. வரைதான். அதைத் தாங்குவது நடுவில் இருக்கும் மூன்றாவது மெயின் பேரிங்கின் பக்கச்சுவர். ஒவ்வொரு அடியும் அந்த மெல்லிய உலோகத்தில் விழும். போதாததற்கு ஆயில் பம்ப் நேராகக் கிராங்க் முனையிலேயே அமர்ந்து சுற்றுகிறது, அதிர்ச்சி அதற்கும் போகும். புது ரப்பரின் ஒட்டும் சேதப்படலாம். சொன்னதும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த ஆசை போல்ட்டாலேயே இழுப்பது. பேலன்சர் வெளியே நிற்கும் அந்த நிலையில் போல்ட் கிராங்க்குக்குள் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும். அவ்வளவு பாரமும் அந்த ஒன்றிரண்டு மரையில். அது உரிந்தால் கிராங்க் முனையில் மரை போச்சு. பிறகு எஞ்சின் இறக்குகிற வேலைதான். கருவியின் தண்டை முதலில் கையால் எட்டுச் சுற்றுக்குக் குறையாமல் உள்ளே விட வேண்டும். பிட்ச் 2 மி.மீ. என்பதால் எட்டுச் சுற்று என்றால் 16 மி.மீ., தண்டின் தடிமன் அளவுக்குப் பிடிப்பு. நாங்கள் அதற்கும் மேல் விட்டோம். பிறகு தண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றினால் பேலன்சர் சத்தமே இல்லாமல் உள்ளே போகிறது. போகப் போகக் கை உணர்கிற பாரம் ஒரே சீராக இருக்க வேண்டும். திடீரென்று கனத்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம்.

நட் இறுகி நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துப் புது போல்ட்டை எடுக்கிறவர்கள் அதிகம். ஜிஎம் சொல்லும் முறை வேறு. முதலில் பழைய போல்ட்டைப் போட்டு 330 நியூட்டன் மீட்டர், அதாவது 240 பவுண்ட்-அடி வரை முடுக்க வேண்டும். ஒரு மீட்டர் பாரின் நுனியில் ஏறத்தாழ 34 கிலோ தொங்குகிற விசை அது. வீட்டில் பலரிடம் இருக்கும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் 150 பவுண்ட்-அடியிலேயே நின்றுவிடும். இதையும் கடையில் இரவல் எடுத்தோம். இந்த முடுக்கு பேலன்சரை அதன் கடைசி இருக்கை வரை கொண்டு சேர்ப்பதற்கு. பிறகு பழைய போல்ட்டைக் கழற்றி, ஹப் துளைக்குள் கிராங்க் முனை எவ்வளவு உள்வாங்கி நிற்கிறது என்று அளக்க வேண்டும்: 2.4 முதல் 4.48 மி.மீ.-க்குள். வெர்னியரின் ஆழ ஊசி 3.6 காட்டியது.

அதன் பிறகுதான் புது போல்ட். முதலில் 50 நியூட்டன் மீட்டர், பிறகு 140 டிகிரி. இந்த போல்ட் முடுக்கும்போது தன் மீள்சக்தியின் எல்லையைத் தாண்டி நீள வேண்டும், அந்த நீட்சிதான் நிரந்தரமான பிடியைத் தருகிறது. ஒரு முறை நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது. பேலன்சரை உட்கார வைக்கிற முரட்டு வேலைக்குப் பழைய போல்ட்டைப் பலிகொடுப்பது இதனால்தான். சாவி இல்லாத இந்த முனையில் ஹப்பைத் தாங்குவது துளையின் இறுக்கமும் இந்த போல்ட்டின் அழுத்தமும் மட்டுமே. சூப்பர்சார்ஜர் மாட்டுகிறவர்கள் அதுவும் போதாமல் கிராங்க்கும் ஹப்பும் சேருமிடத்தில் துளைபோட்டு முளை அடிப்பார்கள்.

140 டிகிரிக்குக் கோண மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போல்ட் தலையே அளவுகோல். ஆறு மூலையில் ஒரு மூலைக்கு 60 டிகிரி. இரண்டு மூலை தாண்டினால் 120, அதற்கு மேல் ஒரு பட்டையில் மூன்றில் ஒரு பங்கு. 50-ல் நின்றதும் போல்ட் தலையில் ஒரு கோடும் சேரவேண்டிய இடத்தில் ஹப்பில் ஒரு கோடும் போட்டுவிட்டு, பார் திரும்ப இடம் இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். கடைசி இருபது டிகிரி இரண்டு பேருக்கும் வியர்வை. நடுவில் டார்க் ரெஞ்சை மாட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. அது தேவையில்லை, இந்தக் கட்டத்தில் கோணம்தான் கணக்கு.

லாக்கை எடுத்து ஸ்டார்ட்டரைப் பூட்டினோம். ஏசி பெல்ட் முதலில், பெரிய பெல்ட் அடுத்து. எண்ணெயில் ஊறிய பெல்ட் துடைத்தாலும் கீச்சிடும் என்பதால் இரண்டுமே புதிது.

ஸ்டார்ட் செய்தபோது டக் டக் இல்லை. மெயின் பேரிங் என்று சொல்லப்பட்ட சத்தம், தளர்ந்த வளையம் ஹப்பில் மோதிய சத்தம்தான். ஏசியைப் போட்டும் கீச்சல் வரவில்லை. புது பேலன்சரிலும் ஹப்பிலிருந்து வளையம் வரை வெள்ளைக் கோடு இழுத்து வைத்தோம். அடுத்த ஆயில் மாற்றும்போது பார்த்தோம், கோடு முறியாமல் நேராக இருந்தது. முன் கவர் காய்ந்திருந்தது. ஆயில் பேன் முன் மூலையில் மட்டும் ஒரு ஈரம் தெரிந்தது. அது பேன் கேஸ்கெட்டின் வேலை, இதில் சேராது.